நூறுக்கு முப்பத்தேழு நாள் குறைவு

அத்தியாயம் பதினான்கு

காலை ஆறு மணிக்கே ஸைனுலாப்தீன் தன் வீட்டைப் புதிதாக்கத் தொடங்கிவிட்டார்.

முதலில் கூடத்தில் கிடந்த பழைய சாய்மனைக் கதிரையைப் பின்வளவுக்குத் தூக்கிப் போனார். அது இருந்த இடத்தில், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டார். சுவர் மணிக்கூட்டைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். முன்கதவின் பித்தளைப் பிடி கண்ணை உறுத்தியது. அதைக் கழற்ற முடியவில்லை. ஒரு துவாயை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டார்.

"கதவுல என்னத்துக்குத் துவாய்?" குசினி அடுப்பருகிலிருந்து மனைவி ரபீக்கா கேட்டாள்.

"காயப் போட்டிரிக்கு."

"காஞ்ச துவாயையா?"

அவர் துவாயை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடியை மூடினார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் இழுவைப் படகில் நின்றவர். தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தவர். இந்தச் சின்ன வீடு எட்டு நாளாக அவரை நித்திரை கொள்ள விடவில்லை.

எட்டு நாளுக்கு முன்புதான் அந்தக் கடிதம் வந்தது. பழைய வீட்டை உடைத்துப் புதிதாகக் கட்ட அனுமதி கேட்டு அனுப்பிய வரைபடம் திரும்பி வந்திருந்தது. கட்டடம் பழமையானதாகத் தெரிகிறது, அதன் வரலாற்று முக்கியத்துவத்தை மதிப்பிடாமல் எதையும் உடைக்கக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு படிவம். வீட்டைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி இன்று காலை வருவார் என்றும் இருந்தது. கட்டிய ஆண்டு என்ற இடத்தில் 1961 என்று ஸைனுலாப்தீன் சொன்னார். இளைய மகள் சுஹைரா அப்படியே எழுதினாள். வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருந்த ஆண்டு அது.

அந்த ஆண்டில் வீடு ரபீக்காவின் உம்மாவுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. கட்டப்பட்டது எப்போது என்று உறுதியில் இல்லை.

இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வார். மூத்தவள் ஜெஸ்மினுக்கு மூதூரில் காணி வாங்கிக் கட்டிக் கொடுத்தாயிற்று. சுஹைராவுக்கு மிஞ்சியது உள்துறைமுகத்துக்குப் பின்னால், ஒழுங்கையின் கடைசியில் நிற்கும் இந்த இரண்டு அறை வீடு.

கலியாணம் பேசி முடித்த நாளில், மாப்பிள்ளை நஸ்ரியின் தாய் லைலா கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னது இன்னும் கூடத்தில் நின்றது.

"புள்ள தங்கம். வீடுதான் எங்கட மகன்ட தலையில விழுந்திரும் போல இரிக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நஸ்ரி சிரிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து சுஹைராவைப் பார்த்தான். அதன் பிறகு தொலைபேசியில் ஐந்து தடவை பேசியிருக்கிறார்கள். ஐந்தையும் அவள் எண்ணி வைத்திருந்தாள்.

தை பதினெட்டில் கலியாணம். புது வீடு இல்லாவிட்டால் தை பதினெட்டு இல்லை. லைலா மாமி அதை மறைக்கவில்லை. மேசன் றிகாஸ் திங்கட்கிழமை வேலை தொடங்கத் தயாராக இருந்தார்.

"அந்த மிஸ் கேட்டா என்ன சொல்றது?" ஸைனுலாப்தீன் மகளிடம் கேட்டார்.

"அறுபத்தொண்டு."

"வேற?"

"வேற கதை இல்ல."

"ரபீக்கா, உனக்கும்தான்."

"எனக்கு வாய் இல்ல எண்டு நினைச்சிக்கங்க," என்றாள் ரபீக்கா.

* * *

ஒன்பது மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சிவாஜினி என்ற அந்த அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். தலைக்கவசத்தைக் கழற்றியபடி வாசலில் நின்று, கூரை விளிம்பிலிருந்து அத்திவாரம் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். இந்த ஊரில் ஆடுமாடுபோல் திரியும் மான்களில் ஒன்று, ஒழுங்கையில் நின்றது, அவருடைய பையை முகர வந்தது. அதன் நெற்றியில் கைவைத்துத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். கதவுப் பிடியில் கிடந்த துவாயை எடுத்து மடித்து ஸைனுலாப்தீனின் கையில் கொடுத்தார்.

"நல்ல பிடி ஐயா. இப்ப இப்பிடி வாறேல்லை."

"அது... சந்தையில வாங்கினது."

சுஹைரா அறைக் கதவோரம் நின்றாள். புதியவர்கள் வந்தால் அவள் நிற்கும் இடம் அது. பௌதிகவியலில் பட்டம் எடுத்தவள். நான்கு வருடமும் விரிவுரையில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

சிவாஜினி அளந்தார், படம் எடுத்தார், எழுதினார். இடையிடையே கேள்வி கேட்டார்.

"முக்கியமான ஆக்கள் ஆரும் இந்த வீட்டில தங்கியிருக்கினமோ?"

"என்ட மச்சான் ஒருத்தன் ரெண்டு மாசம் தங்கினவன்," என்றார் ஸைனுலாப்தீன். "குறட்டையில முக்கியமான ஆள்."

சிவாஜினி சிரித்தார். ஆனால் கை சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது கடல் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். அறுபத்தொண்டில சீமெந்து நல்லாப் புழக்கத்துக்கு வந்திட்டுதே ஐயா."

"எங்கட மாமனாருக்குச் சீமெந்து ஒத்துக்கொள்ளாது மிஸ்."

"சாப்பாட்டிலயோ?"

ஸைனுலாப்தீனின் நெற்றி வேர்த்தது. சுஹைரா தன் விரல்களைப் பார்த்தாள்.

கூடத்தின் உட்சுவரில் பழைய விளக்கு மாடம் ஒன்று இருந்தது. சிவாஜினி அதற்குள் விரலை விட்டபோது ஒரு சுண்ணாம்புச் செதில் பெயர்ந்து நிலத்தில் விழுந்தது.

ரபீக்கா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை. வீடு பழையது என்று சொல்லட்டும். ஊத்தை என்று நினைத்துவிடக்கூடாது.

"இந்த நோன்புக்கும் வெள்ளை அடிச்சதுதான் மிஸ்! உடைக்கப்போற வீட்டுக்கு என்னத்துக்கு எண்டு இவர் கேட்டவர். நான் விடல்ல."

"ஒவ்வொரு வருசமும் அடிக்கிறனீங்களோ அம்மா?"

"ஒவ்வொரு நோன்புக்கும் முதல். எங்கட உம்மாவும் அப்பிடித்தான். அவட உம்மாவும் அப்பிடித்தான். வெள்ளை அடிக்காம இந்த வீட்டுல தலைநோன்பு புடிச்சதில்ல. மாடத்துக்குள்ளயும் அடிப்பம்."

ஸைனுலாப்தீன் இருமினார். பிறகு இன்னும் பலமாக இருமினார்.

"எத்தனை பூச்சு?"

"ஒண்டுதான். ரெண்டு அடிச்சா உதிர்ந்திரும். கொஞ்சம் நீலம் கலந்து அடிச்சா வெள்ளை எடுப்பா இரிக்கும். இவருக்கு இருமல் மருந்து எடுத்திட்டு வாறன், இரிங்க."

சிவாஜினியின் முகம் மாறிவிட்டது. பையிலிருந்து ஒரு சிறு கத்தியை எடுத்து, மாடத்தின் உள்மூலையில் நகத்தளவு சதுரம் வெட்டினார். சுவர்க்கல் வரைக்கும் ஆழமாக வந்தது அந்தத் துண்டு. ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான தடிப்பு. கைத்தொலைபேசியில் ஒரு வில்லையைப் பொருத்தி, துண்டின் வெட்டுமுகத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார்.

சுஹைரா தன்னை அறியாமல் கதவோரத்தை விட்டு வந்திருந்தாள்.

திரை முழுவதும் கோடுகள். வெள்ளை, மெல்லிய நீலம், மறுபடி வெள்ளை. சில தடிப்பு, சில மயிரளவு. மேலே மூன்று மட்டும் பளபளத்தன. அவை கடையில் வாங்கிய பெயின்ற். அதற்குக் கீழே எல்லாம் சுண்ணாம்பு. ஒரு கோடு ஒரு நோன்பு.

"மழையும் கையும் படாத இடம். அதுதான் ஒண்டும் உதிரேல்லை," என்றார் சிவாஜினி. "தங்கச்சி, உங்களுக்குக் கண் நல்லாத் தெரியும்தானே? நானும் எண்ணுறன், நீங்களும் எண்ணுங்கோ. சத்தம் போடாமல்."

எண்ணினார்கள். சிவாஜினிக்கு நூற்றிரண்டு. சுஹைராவுக்கு நூற்று மூன்று. திரும்ப எண்ணினார்கள். இருவருக்கும் நூற்று மூன்று.

சிவாஜினி கதிரையில் உட்கார்ந்தார். படிவத்தில் 1961 என்று எழுதியிருந்த இடத்தைப் பேனையால் தொட்டார். குரலில் கோபம் இல்லை.

"ஐயா, வேற பதிவு ஒண்டும் இல்லாத வீட்டுக்கு இதுதான் பதிவு. நூறுக்குள்ள எண்டால் நானே ஆட்சேபனை இல்லை எண்டு எழுதிக் குடுக்கலாம். நூறு தாண்டினால் நான் எழுத ஏலாது. மேல போகும். ஒரு குழு வந்து பாக்கும்."

"எப்ப வரும்?"

"சொல்ல ஏலாது. எட்டு மாசம் எடுத்ததும் இருக்கு. ரெண்டு வருசம் எடுத்ததும் இருக்கு. அது வரைக்கும் கூரையில ஒரு ஓடுகூடக் கழட்டக் கூடாது."

ஸைனுலாப்தீன் கையில் இருந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

 துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது.

சுஹைராவின் மூளை அந்த எண்ணைச் சுற்றிக்கொண்டிருந்தது. நூற்று மூன்று வருடம் இல்லை. நூற்று மூன்று நோன்பு. இரண்டும் ஒன்றா? போன வருடம் நோன்பு வந்த திகதியில் இந்த வருடம் வரவில்லை. பதினொரு நாள் முந்தி வந்தது. எந்த வருடமும் அப்படித்தான்.

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மிஸ்."

எல்லோரும் திரும்பினார்கள். ஸைனுலாப்தீன்கூட.

"நோன்பு பிறையைப் பாத்து வாறது. ரெண்டு நோன்புக்கு நடுவுல முந்நூற்றி அறுபத்தஞ்சு நாள் இல்ல. பதினொரு நாள் குறைவு."

"ஓம்?"

"நூற்றி மூண்டைப் பதினொண்டால பெருக்கினா ஆயிரத்து நூற்றி முப்பத்துமூண்டு நாள். லீப் வருஷத்து ஒரு நாளையும் பாத்தா, மூண்டு வருஷமும் முப்பத்தேழு நாளும். அதைக் கழிக்கணும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "வீட்டுக்கு நூறு வயசு இன்னும் ஆகல்ல. நூறுக்கு முப்பத்தேழு நாள் குறைவு."

சிவாஜினி கைத்தொலைபேசியில் பெருக்கிப் பார்த்தார். கழித்தும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பதினஞ்சு வருசமா இந்த வேலை பாக்கிறன். இதை ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை."

"என்ட மகள்!" என்றார் ஸைனுலாப்தீன். இருமல் எங்கோ போய்விட்டிருந்தது.

சிவாஜினி 99 என்று எழுதினார். ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதி வாசித்தார். ஒவ்வொரு நோன்புக்கு முன்பும் ஒரு பூச்சு வெள்ளை அடிக்கப்பட்டது, ஒரு வருடமும் தவறவில்லை என்று வீட்டுச் சொந்தக்காரி உறுதி கூறுகிறார்.

"அம்மா, இதில ஒரு கையெழுத்து."

ரபீக்கா பேனையை வாங்கினாள். தாளில் வைத்தாள். எடுத்தாள்.

"கொஞ்சம் இரிங்க மிஸ். தேத்தண்ணி கொதிச்சு வழியுது," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை என்பது சுஹைராவுக்குத் தெரியும்.

* * *

சுஹைரா பின்னால் போனபோது ரபீக்கா தண்ணீர்க் குடத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன உம்மா?"

"தொண்ணூத்தொண்டு."

"என்ன தொண்ணூத்தொண்டு?"

"ஜெஸ்மின் எங்க பொறந்தா புள்ள?"

"கிண்ணியாவுல. அந்தப் பள்ளிக்கூடத்துல, அகதியா இரிந்த நேரம்." சொல்லி முடிக்கும் முன்பே சுஹைராவுக்கு விளங்கிவிட்டது.

"அதுக்கு முந்தின வருஷம் ஆனி மாசம் சண்டைக்குப் பயந்து ஓடினது. ஒண்டரை வருஷத்துக்குப் பிறகுதான் வந்தம். அந்த நோன்புக்கு இந்த வீட்டுல ஆரும் இல்ல. கதவுகூட இல்ல. நான் பெரிய வாயால ஒரு வருஷமும் தவறினதில்ல எண்டிட்டன்."

சுவரில் ஒரு பூச்சு குறைகிறது, வயதில் ஒன்று கூடுகிறது. ஒரு நோன்பு. முந்நூற்று ஐம்பத்து நான்கு நாள். அதில் முப்பத்தேழு போனால் முந்நூற்றுப் பதினேழு. வீடு நூறைத் தாண்டிப் பத்து மாதம்.

அவள் கணக்குப் போட விரும்பவில்லை. அது தானாகப் போட்டுக்கொண்டது.

ஸைனுலாப்தீன் பின்னாலேயே வந்துவிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு பூச்சுத்தானே. வைச்சிட்டு வா."

"பொய்க் கையெழுத்தா?"

"மறந்திட்டன் எண்டு நினை."

"அதான் நினைவு வந்திட்டே."

"அந்தா, அந்தப் பொம்பிளை பேனையத் திறந்து வைச்சிட்டு இரிக்கிறா. உன்ட மகள்ட வாழ்க்கை அந்தத் தாள்ல இரிக்கு."

"அப்ப நீங்க வைங்க."

"வீடு உன்ட பேர்ல."

 இந்த வீடு எப்போதும் பெண்களின் பெயரில்தான் இருந்தது.

ரபீக்கா மகளைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"உனக்குக் குடுக்கிற வீடு புள்ள. நீ சொல்லு. வை எண்டா வைக்கிறன். மறுமையில நான் பதில் சொல்லிக்கிறன்."

சுஹைரா குசினிச் சுவரில் சாய்ந்தாள். சுண்ணாம்பு தோளில் ஒட்டியது.

ஒரு சொல் போதும். வை. உம்மா வைத்துவிடுவாள். அதன் பிறகு ஒவ்வொரு தொழுகையிலும் அதற்காக அழுவாள். புது வீட்டின் புது அறையில், நஸ்ரிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் உம்மா அழுவது கேட்கும்.

இன்னொன்றும் இருந்தது. பதினொரு நாள் கணக்கை அவள்தான் சொன்னாள். அது உண்மை. ஆனால் தனக்கு வசதியான உண்மை என்பதால்தான் வாய் திறந்தாள். வசதி இல்லாததை மட்டும் இப்போது விழுங்கினால், முன்பு சொன்னதும் பொய்யாகிவிடும் போலிருந்தது.

தேத்தண்ணி ஊற்றினாள்.  கூடத்துக்குப் போனாள்.

"மிஸ், ஒரு வருஷம் விட்டுப்போச்சு."

"என்னது?"

"தொண்ணூற்றொண்டு நோன்புக்கு அடிக்கல்ல. இவங்க இடம்பெயர்ந்து கிண்ணியாவுல இரிந்தவங்க. உம்மாவுக்கு இப்பதான் நினைவு வந்தது."

சிவாஜினி தேத்தண்ணியை வாங்கினார். குடிக்கவில்லை.

"தொண்ணூறில நாங்களும் ஓடினனாங்கள்," என்றார். "பாலையூற்றில வீடு. திரும்பி வரேக்க யன்னல் ஒண்டும் இல்லை." பிறகு கேட்டார். "நாற்பத்திரண்டில, யப்பான் குண்டு போட்ட நேரம்?"

"அது எங்களுக்குத் தெரியாது மிஸ்."

"அப்ப அதுவும் இருக்கலாம்."

பேனையை எடுத்து 99ஐ வெட்டினார். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். 100க்கு மேல் என்று எழுதினார். ரபீக்காவின் தாளிலும் ஒரு வரியை வெட்டி இன்னொன்று சேர்த்தார்.

இந்தத் தடவை ரபீக்கா நின்றபடியே கையெழுத்து வைத்தாள். தேத்தண்ணி கொதிக்கவில்லை.

வாசலில் தலைக்கவசத்தைப் போடும்போது சிவாஜினி சுஹைராவைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அவசரம் எண்டு ஒரு குறிப்புப் போட்டு அனுப்புறன். பலன் இருக்கும் எண்டு சொல்லமாட்டன்."

ஸ்கூட்டர் போன பிறகு கூடத்துக்கு வந்தார்கள். ஸைனுலாப்தீன் அங்கே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போயிருந்தார்.

* * *

மதியம் லுஹர் தொழுதுவிட்டு சுஹைரா நஸ்ரிக்கு அழைத்தாள். அவளாக அழைப்பது இதுதான் முதல் தடவை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை நேரம். மறுபடி அழைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

எழுதி அனுப்பலாம். எழுதினாள். 'வீட்டை உடைக்க ஏலாது.' அழித்தாள். இதை எழுத்தில் அனுப்பினால் லைலா மாமி அதை ஊருக்கே வாசித்துக் காட்டுவாள்.

"உம்மா, நான் கிண்ணியாவுக்குப் போறன்."

"எங்க?"

"அவங்கட வீட்டுக்கு."

ரபீக்கா நெஞ்சில் கைவைத்தாள். "நிக்காஹ்வுக்கு முதல் மாப்பிள்ளை வீட்டுக்கா? எங்கட குடும்பத்துல ஆரும் அப்பிடிப் போனதில்ல புள்ள. ஊர் என்ன கதைக்கும்?"

"நாளைக்கு வேற ஆரும் போய்ச் சொன்னா அதைவிடக் கதைக்கும்."

"வாப்பா வரட்டும்."

"வாப்பா வந்தா விடமாட்டார்."

 ரபீக்கா அறைக்குள் போய், பெருநாளுக்கு மட்டும் எடுக்கும் அபாயாவைக் கொண்டுவந்தாள். சுஹைராவின் தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

"பின்னேரம் அஸர் தொழுகைக்கு முதல் வந்திரு."

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. சுஹைரா என்ன சொல்வதென்று அடுக்கிப் பார்த்தாள். மாமி, வீடு நூறு வருஷம் தாண்டிட்டுது. மாமி, ஒரு குழு வரணும். மாமி, ஓடு மட்டும் மாத்தினா ஒழுகாது. எந்த வரியும் நிற்கவில்லை. கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது காற்று முகத்தில் அடித்தது. கீழே வள்ளங்கள் சின்னதாகத் தெரிந்தன. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. பாலம் முடியும் வரைக்கும் தோன்றிக்கொண்டே இருந்தது.

நஸ்ரியின் வீட்டு வாசலில் அவனுடைய மோட்டார் சைக்கிள் நின்றது.  அவன் வீட்டில்தான் இருந்தான். அழைப்பை எடுக்கவில்லை.

மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த லைலா மாமி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் ஒழுங்கையைப் பார்த்தாள்.

"தனியவா வந்தீங்க?"

"ஓம் மாமி."

"யா அல்லாஹ்!" அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஆனால் முகம் முழுவதும் சிரிப்பு. "சந்தோசத்துல கால் நிக்கல்ல, என்ன? எங்களுக்கும்தான். வாப்பா பதினொரு மணிக்கே கோல் எடுத்திட்டார்."

"வாப்பாவா?"

"ஓம். அந்த மிஸ் எல்லாம் சரி எண்டு எழுதிக் குடுத்தாவாம். திங்கக்கிழமை உடைக்கத் தொடங்குறாங்களாம். நான் மூண்டு வீட்டுக்கு மஸ்கட் குடுத்தனுப்பிட்டன். இவனுக்கும் அரைநாள் வேலை முடிஞ்சு வந்தவுடனே சொன்னன். குளிச்சிட்டு உங்களுக்குக் கோல் எடுக்கிறன் எண்டான்." தட்டை நீட்டினாள். "புடிங்க. வாயை இனிப்பாக்குங்க."

எண்ணெய் மினுங்கும் மஸ்கட் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கஜு முந்திரிப் பருப்பு.

சுஹைரா கையை நீட்டவில்லை. உள்ளே எங்கோ தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"மாமி, வாப்பா சொன்னது சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"வீட்டை உடைக்க ஏலாது. எட்டு மாசமோ, ரெண்டு வருஷமோ தெரியாது. காலையில நான்தான் அந்த மிஸ்ஸிட்டச் சொன்னன். சொல்லாம இரிந்தா வாப்பா சொன்னது உண்மையா இரிந்திரிக்கும்."

லைலா மாமியின் கை, தட்டோடு அப்படியே நின்றது. சிரிப்பு மட்டும் மெல்ல மெல்ல முகத்தை விட்டுப் போனது. தட்டை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது.

அவள் சுஹைராவைப் பார்க்கவில்லை. உள்ளறைப் பக்கம் திரும்பினாள்.

"நஸ்ரி," என்றாள். "வெளிய வா. உன்னைக் கட்டப்போறவ வந்திரிக்கிறா. இவ சொல்றதை நீயே கேட்டு, நீயே ஒரு முடிவு சொல்லு."

உள்ளே கதவுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.